எஸ்இ ஸ்டிக்: பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளே இருந்ததை மாற்றியவர்களின் கதை

2009 பிப்ரவரியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 என்ற சண்டை விளையாட்டு பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகிய கன்சோல்களுக்கு வந்தது. அதே சமயத்தில் மேட் கேட்ஸ் நிறுவனம் இரண்டு ஆர்கேட் ஸ்டிக்குகளை, அதாவது விளையாட்டு அரங்கு இயந்திரத்தில் இருப்பதுபோல் ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் பதித்த கன்ட்ரோலர் பெட்டிகளை, சந்தைக்கு விட்டது. ஒன்று டோர்னமென்ட் எடிஷன், சுருக்கமாக டிஇ. விலை 150 டாலர். இன்னொன்றை எல்லோரும் எஸ்இ என்றே சொன்னார்கள், அதாவது ஸ்டாண்டர்ட் எடிஷன். விலை ஏறத்தாழ அதில் பாதி. டிஇ-க்குள் இருந்தவை ஜப்பானின் சான்வா நிறுவனம் ஆர்கேட் இயந்திரங்களுக்கென்றே செய்யும் ஜேஎல்எஃப் ஜாய்ஸ்டிக்கும் ஓபிஎஸ்எஃப்-30 பட்டன்களும். எஸ்இ-க்குள் இருந்தவை அவற்றின் வடிவத்தை ஒட்டிச் செய்த மலிவுப் பாகங்கள்.

டிஇ சீக்கிரமே தீர்ந்துபோய், ஏலத் தளங்களில் விலை ஏறியது. கிடைக்காதவர்கள் எஸ்இ-யை வாங்கினார்கள். வாங்கியதும் திருகுகளைக் கழற்றி, உள்ளே இருந்த ஜாய்ஸ்டிக்கையும் பட்டன்களையும் எடுத்துவிட்டு சான்வா பாகங்களைப் போட்டார்கள். சாலிடரிங் கம்பியைத் தொட்டே பார்க்காத ஆயிரக்கணக்கானவர்கள் முதன்முதலாக ஒரு ஆர்கேட் கன்ட்ரோலரைத் திறந்து பார்த்தது இந்தச் சந்தர்ப்பத்தில்தான்.

மாற்றுப் பாகம் தேர்ந்தெடுப்பது பற்றி யார் கேட்டாலும் நான் இந்த எஸ்இ-யைத்தான் உதாரணம் காட்டுவேன். எந்த பிராண்டு நல்லது, எந்த நிறம் அழகு என்று ஆரம்பிக்கிற பேச்சு நம்மை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது. எஸ்இ-யின் உண்மையான மதிப்பு அதில் போட்டிருந்த ஓட்டைகளிலும் அதன் உள் அளவுகளிலும் இருந்தது. பாகம் தேய்ந்து போகிற பொருள். பெட்டி நிற்கிற பொருள். முதலில் பெட்டியைப் படித்துவிட்டு அப்புறம் பாகத்துக்குப் போவதுதான் சரியான வரிசை.

பெட்டி என்ன சொல்கிறது

எஸ்இ-யின் பட்டன் ஓட்டைகள் 30 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. ஜப்பானிய ஆர்கேட் இயந்திரங்களின் அளவு இது. சான்வா, செய்மிட்சு, ஹோரி என யார் செய்த 30 மில்லிமீட்டர் பட்டனானாலும் அங்கே உட்காரும். அமெரிக்க ஆர்கேட் பட்டன்களின் ஓட்டை 1⅛ அங்குலம், ஏறத்தாழ 28.6 மில்லிமீட்டர். இந்த ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் அமெரிக்க அளவில் வெட்டிய பலகையில் ஜப்பானியப் பட்டன் நுழையவே நுழையாது, ஓட்டையை அராவிப் பெரிதாக்க வேண்டும். அராவும்போது ஓட்டை கோணலானால் பட்டன் சாய்ந்து நிற்கும், அழுத்தும்போது சிக்கும். பழைய அமெரிக்க இயந்திரத்தின் பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து மாற்ற நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே ஸ்கேலை எடுத்து அளந்துவிட வேண்டும்.

அடுத்தது பலகையின் தடிமன். ஓபிஎஸ்எஃப்-30 பட்டனின் இரண்டு பக்கமும் சிறிய பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். ஓட்டையில் வைத்து அழுத்தினால் அந்த நாக்குகள் உள்ளே மடங்கி, பலகையின் அடிப்பக்கம் போனதும் விரிந்து பிடித்துக்கொள்ளும். எஸ்இ போன்ற மெல்லிய மேல்தகடு உள்ள பெட்டிக்கு இது கச்சிதம். தச்சரிடம் மரப்பெட்டி செய்து வாங்கியிருந்தாலோ தடித்த அக்ரிலிக் வைத்திருந்தாலோ அந்த நாக்குக்கு அடிவிளிம்பு எட்டாது. அங்கே ஓபிஎஸ்என்-30 போல, பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் நட்டு வைத்து முறுக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும். இரண்டுக்கும் அழுத்தும் உணர்வு ஒன்றுதான். பெயரில் ஒரே எழுத்து வித்தியாசம் என்பதால் அவசரத்தில் மாற்றி ஆர்டர் போட்டுவிடுவது சுலபம்.

மூன்றாவது ஆழம். எஸ்இ-யும் டிஇ-யும் ஜப்பானியப் பாகங்களை மனதில் வைத்து வடிவமைத்தவை, அதனால் உள்ளே இடம் கொஞ்சம்தான். அமெரிக்காவின் ஹாப் நிறுவனப் பட்டன்கள் நீளமானவை. அவற்றின் அடியில், அழுத்தத்தை உணரும் சின்ன சுவிட்சான மைக்ரோசுவிட்ச் தனியாகத் தொங்கும். அந்த நிறுவனத்தின் காம்பெடிஷன் வகை ஜாய்ஸ்டிக்கும் அப்படித்தான், பெரிய உடம்பு. 1990-களில் அமெரிக்க ஆர்கேடுகளில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆடி வளர்ந்தவர்களுக்கு அந்தக் குழிந்த பட்டன்மேலும் கதாயுதம் போன்ற நீண்ட கைப்பிடிமேலும் ஒரு பாசம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் அவர்கள் எஸ்இ-யை வாங்கக் கூடாது. ஆழமான மரப்பெட்டிதான் அவர்களுக்குச் சரி.

கடைசியாக இணைப்பு. எஸ்இ-யின் மாற்றம் அவ்வளவு பேருக்குச் சாத்தியமானதற்குக் காரணம் இதுதான். ஜேஎல்எஃப் ஜாய்ஸ்டிக்கின் அடியில் நான்கு மைக்ரோசுவிட்சுகளும் ஒரு சிறிய சர்க்யூட் போர்டில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து 5 ஊசிகள் உள்ள ஒரு கனெக்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு திசைக்கு நான்கு, பொதுவான கிரவுண்டுக்கு ஒன்று. எஸ்இ-க்குள் ஏற்கெனவே இருந்த 5 ஒயர் கனெக்டர் அதில் அப்படியே பொருந்தியது. பட்டன் ஒயர்களின் முனையில் இருந்த கிளிப்புகளும் 2.8 மில்லிமீட்டர் அளவுதான், சான்வா பட்டனின் தகடுக்கு அதே அளவு. அதனால் வெட்டவோ ஒட்டவோ எதுவும் இல்லை. அமெரிக்க மைக்ரோசுவிட்சுகளின் தகடு பெரும்பாலும் 4.8 மில்லிமீட்டர் அகலம். அதற்கு ஒயர் முனைகளை எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும்.

ஜாய்ஸ்டிக்: எதற்கு எது

எஸ்இ வாங்கியவர்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் ஜேஎல்எஃப் போட்டார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 ஆடுவதற்குத்தான் வாங்கினார்கள் என்றால் அந்த முடிவு தவறில்லை. டிஇ-யில் இருந்ததும் அதுதான். ஆனாலும் ஏன் என்று தெரிந்து போட்டால், பின்னால் என்ன மாற்றலாம் என்பதும் தெரியும்.

ஜேஎல்எஃப் லேசான ஸ்டிக். ஸ்பிரிங் இளகலானது, தண்டு போய்வரும் தூரம் அதிகம். முழுப்பெயர் ஜேஎல்எஃப்-டிபி-8ஒய்டி. விரல் நுனியில் தள்ளினாலே போகும். கீழே, கீழ்-முன், முன் என்று கால் வட்டம் போடும் அசைவுகளுக்கு அந்த இளக்கம் உதவுகிறது, மணிக்கணக்கில் ஆடினாலும் மணிக்கட்டு வலிக்காது. அதே இளக்கம் சிலருக்கு எரிச்சல். கையை விட்டதும் தண்டு நடுவுக்கு வந்து கொஞ்சம் ஆடி நிற்கும். பழக்கமில்லாதவர்கள் தேவைக்கு மேல் தள்ளிவிடுவார்கள்.

செய்மிட்சுவின் எல்எஸ்-32 இதற்கு நேர் எதிர். ஸ்பிரிங் கெட்டி, அசைவு குறுகல். கொஞ்சம் தள்ளினாலே சுவிட்ச் சொடுக்கும், விட்டால் டக்கென்று நடுவுக்கு வந்து நிற்கும். திரை முழுக்கக் குண்டுமழை பொழியும் விமானச் சண்டை விளையாட்டுகளில் இரண்டு குண்டுகளுக்கு நடுவே ஒரு நூலிழை நகர வேண்டும். அதை ஆடுபவர்கள் எல்எஸ்-32-ஐ விரும்புவதற்கு இந்தக் குறுகிய அசைவுதான் காரணம். எல்எஸ்-32-01 என்ற வகையில் 5 ஊசி கனெக்டரும் உண்டு. எதைப் போட்டாலும் பெட்டியை மூடுவதற்கு முன் நான்கு திசையும் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். வெவ்வேறு ஸ்டிக்குகளில் போர்டு திரும்பியிருக்கும் பக்கம் வேறுபடலாம். மேலே தள்ளினால் கீழே போகிற ஸ்டிக்கை மூடிவிட்டு மறுபடி திறப்பது வீண் வேலை.

கொரிய லீவர்கள் தனிக் குடும்பம். அவற்றில் ஸ்பிரிங் கிடையாது. தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இறுக்கிப் பிடித்திருக்கும், தண்டு நடுவுக்குத் திரும்புவது அந்த ரப்பரின் இழுப்பால். டெக்கன் என்ற சண்டை விளையாட்டை ஆடுபவர்கள் இதைத் தேடிப் போவதற்குக் காரணம் உண்டு. அந்த விளையாட்டில் பின்வாங்கும் உத்தி ஒன்று இருக்கிறது: பின்னால் தட்டி, நடுவுக்கு வந்து, மறுபடி பின்னால், கீழ்-பின், மறுபடி பின்னால் என்று இடைவிடாமல் போக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நடுவுக்குச் சுத்தமாகத் திரும்பியாக வேண்டும். ரப்பர் அங்கே ஸ்பிரிங்கைவிட வேகமாகவும் உறுதியாகவும் இழுத்துவிடுகிறது. கிரவுன் நிறுவனம் ஜப்பானிய ஏந்து தகட்டின் அளவுக்குப் பொருந்தும் வகைகளையும் செய்கிறது. மற்றவற்றுக்குத் தனித் தகடு தேட வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் மட்டும் ஆடுபவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். பழகவே வெகுநாள் ஆகும்.

இனி கேட். ஜாய்ஸ்டிக்கின் அடியில் தண்டின் முனை போய் முட்டுகிற பிளாஸ்டிக் வளையம் அது. ஜேஎல்எஃப்-இல் சதுரமாக வரும். புதிதாக ஆர்கேட் ஸ்டிக்குக்கு வருபவர்கள் முதலில் குறை சொல்வது இந்தச் சதுரத்தைத்தான். வட்டமாகச் சுழற்றினால் மூலையில் போய் இடிக்கிறது என்பார்கள். உடனே எண்கோணக் கேட் வாங்கி மாற்றிவிடுவார்கள்.

அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. சதுரத்தின் மூலை பக்கத்தைவிட 1.4 மடங்கு தூரத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் சுவிட்ச் சொடுக்குவது கேட்டைத் தொடும்போது இல்லை, அதற்கு முன்பே. மூலைவிட்டத் திசையைப் பெற மூலை வரை போக வேண்டியதே இல்லை. கேட்டை உரசிக்கொண்டே சுழற்றும் பழக்கம் கேம்பேடிலிருந்து வருகிறது. அது போய்விட்டால் சதுரம் உறுத்தாது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் கைல் போன்ற, பின்பக்கம் பிடித்து வைத்திருந்து தாக்கும் பாத்திரத்தை ஆடுபவருக்குச் சதுரம் பெரும் வசதி. கீழ்-பின் மூலையில் தண்டைச் சாய்த்துவிட்டுச் சும்மா வைத்திருக்கலாம், நழுவாது. ஜாங்கீஃப் என்ற மல்யுத்தப் பாத்திரத்தை ஆடுபவரின் கதை வேறு. அவர் 360 டிகிரி சுழற்ற வேண்டும், அதுவும் அடிக்கடி. அவர் எண்கோணம் போட்டுக்கொண்டால் நான் தடுக்க மாட்டேன். ஜேஎல்எஃப்-இன் கேட் நாலு கொக்கிகளில் மாட்டியிருப்பதுதான். கழற்றி மாட்ட நிமிடக் கணக்கு, விலையும் அற்பம். அதனால் முதலில் சதுரத்தில் ஒரு மாதம் ஆடுங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் மாற்றுங்கள்.

ஜேஎல்எஃப் இளகலாக இருக்கிறது என்பதற்காக முழு ஸ்டிக்கையும் மாற்றத் தேவையில்லை என்பதும் எஸ்இ காலத்தில் பரவிய அறிவு. எல்எஸ்-32-இன் ஸ்பிரிங்கை எடுத்து ஜேஎல்எஃப்-இல் போடலாம், பொருந்தும். ஸ்டிக் உடனே கெட்டிப்படும். சுவிட்சைத் தட்டும் ஆக்சுவேட்டரைக் கொஞ்சம் தடித்ததாகப் போட்டால் சுவிட்ச் இன்னும் சீக்கிரம் சொடுக்கும். இப்படி ஒரே உடம்பை வைத்துக்கொண்டு ஸ்பிரிங், ஆக்சுவேட்டர், கேட் மூன்றையும் தனித்தனியாக மாற்ற முடிவதால்தான் இன்றும் முதல் ஸ்டிக் எது என்று கேட்பவருக்கு ஜேஎல்எஃப் என்று சொல்கிறேன். தனக்கு எது பிடிக்கும் என்று தெரியாதவருக்குத் திருத்திக்கொள்ள இடம் கொடுக்கும் பாகம்தான் நல்ல பாகம்.

பட்டன்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 ஒரு நொடிக்கு 60 சட்டகங்கள், அதாவது திரையில் மாறும் 60 படங்கள், ஓடும். ஒரு சட்டகம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அந்த விளையாட்டின் பல கடினமான தொடர் அடிகளில் அடுத்த பட்டனை அந்த ஒரே ஒரு சட்டகத்துக்குள் அழுத்தியாக வேண்டும், முன்னாலோ பின்னாலோ போனால் தொடர் அறுந்துவிடும். இதைச் சமாளிக்க ஆட்டக்காரர்கள் பிளிங்க் என்ற உத்தியைக் கண்டுபிடித்தார்கள். வலுவான பட்டனை அழுத்திவிட்டு, ஒரு சட்டகம் கழித்து அதைவிட லேசான பட்டனையும் தட்ட வேண்டும். விளையாட்டு முதல் பட்டனை இரண்டாவது சட்டகத்திலும் அழுத்தியதாகப் பதிவு செய்துகொள்ளும். ஒரு வாய்ப்பு இரண்டாகிறது.

இரண்டு விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சொடக்குப் போடுவதுபோல் இறங்க வேண்டும். இங்கேதான் பட்டனின் குணம் தெரிய வருகிறது. கெட்டியான பட்டனில் ஒரு விரல் முழுக்க இறங்கும், இன்னொன்று பாதியில் நின்றுவிடும். அழுத்தம் பட்டனுக்குப் பட்டன் மாறினால் இன்னும் மோசம். விரல் ஒரே தாளத்தில் இறங்கினாலும் திரையில் அப்படி வராது. எஸ்இ-யின் மலிவுப் பட்டன்களை மாற்றியே ஆக வேண்டும் என்று சண்டை விளையாட்டுக்காரர்கள் நின்றதற்கு அடிப்படை இதுதான். ஓபிஎஸ்எஃப்-30 மிக லேசானது, எட்டுப் பட்டனும் ஒரே மாதிரி இறங்கும்.

லேசாக இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. பட்டன்மேல் விரலை வைத்து ஓய்வெடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் தெரியாமல் அழுத்திவிடுவார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் தெரியாமல் விழுந்த ஒரு கனத்த உதை ஒரு சுற்றையே தோற்கடித்துவிடும். அப்படிப்பட்ட கைக்குச் செய்மிட்சுவின் பிஎஸ்-14-ஜி நல்லது. கொஞ்சம் கெட்டி, அடியில் தட்டுவது தெளிவாகத் தெரியும். இரண்டையும் கலந்து போடுபவர்களும் இருக்கிறார்கள்: குத்துக்கு லேசானது, உதைக்குக் கெட்டியானது. இதில் பொதுச் சட்டம் எதுவும் இல்லை, உங்கள் விரல்தான் சட்டம். முடிந்தால் ஒவ்வொன்றில் ஒன்று மட்டும் வாங்கிப் போட்டு ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். எட்டும் வாங்கிய பிறகு வருத்தப்படுவதைவிட அது மலிவு.

வீட்டில் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் ஆடுபவர்களுக்குச் சத்தம் குறைந்த வகைகளையும் சான்வா செய்கிறது. விலை கூடுதல், உணர்வு சற்று மெத்தென்று இருக்கும். தேவை உள்ளவருக்கு அந்த விலை நியாயமே.

எஸ்இ-யில் எட்டுப் பட்டன்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-க்கு அடிப்படையில் ஆறு போதும். மீதி இரண்டுக்கும் பணம் போட விருப்பமில்லை என்றால் பழையதையே விட்டுவிடலாம், அல்லது ஓட்டையை மூடும் 30 மில்லிமீட்டர் மூடியைப் போடலாம். தவறுதலாகச் சுண்டுவிரல் பட்டு அழுந்தும் தொல்லையும் தீரும்.

பணம்

அந்தக் காலத்தில் ஜேஎல்எஃப் ஒன்று இருபது டாலருக்குச் சற்று மேல், பட்டன் ஒன்று மூன்று டாலருக்குள். எட்டுப் பட்டனும் ஒரு ஜாய்ஸ்டிக்குமாக ஏறத்தாழ 50 டாலர், தபால் செலவு தனி. எஸ்இ-யின் விலையோடு கூட்டினால் டிஇ-யின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். டிஇ-யின் பெட்டியோ அகலமும் கனமும் அதிகம், மடியில் வைத்தால் அசையாது. கடையில் இரண்டும் இருந்தால் கணக்குப்படி டிஇ வாங்குவதே புத்திசாலித்தனம்.

ஆனால் எஸ்இ வாங்கியவர்கள் ஏமாறவில்லை. டிஇ கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் போட வேண்டியதில்லை என்பது அதைவிட முக்கியமான காரணம். மாணவர்கள் முதலில் பெட்டியை வாங்கி, அடுத்த மாதம் ஜாய்ஸ்டிக்கை மாற்றி, அதற்கடுத்து அடிக்கடி அழுத்தும் பட்டன்களை மட்டும் மாற்றினார்கள். இன்று மேஃப்ளாஷ் எஃப்300 மாதிரியான மலிவு ஸ்டிக்குகளை அதே கணக்கில்தான் வாங்குகிறார்கள். இந்தியாவிலிருந்து வாங்குவோருக்கு இன்னொரு கணக்கும் சேரும்: பாகங்கள் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டியிருக்கும், சுங்க வரியும் தபாலும் பாகத்தின் விலையையே தொட்டுவிடலாம். அதனால் தனித்தனியாக ஆர்டர் போடாமல், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலாகத் தருவிப்பது நல்லது. சான்வா பெயரில் போலிகளும் உலவுகின்றன. நம்ப முடியாத மலிவு விலையில் ஜேஎல்எஃப் கண்ணில் பட்டால் அதை நம்ப வேண்டாம்.

திறந்து மாற்றுதல்

மாற்றுவதற்கு முன் எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அந்தப் பட்டனோ அதன் ஒயரோதான். வரிசையாக மூன்று நாலு பட்டன்கள் ஒரேயடியாகச் செத்துவிட்டால் பட்டன்களைக் குறை சொல்லாதீர்கள். இந்தப் பெட்டிகளில் கிரவுண்டு ஒயர் ஒரு பட்டனிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போகும். நடுவில் ஒரு கிளிப் கழன்றால் அதற்கு அப்பால் உள்ள எல்லாம் நின்றுவிடும். கிளிப்பை மாட்டினால் போதும், காசு மிச்சம். ஜாய்ஸ்டிக் மொத்தமாக வேலை செய்யவில்லையா? மேட் கேட்ஸ் ஸ்டிக்குகளில் ஜாய்ஸ்டிக்கை கேம்பேடின் இடது அனலாக் குச்சியாக, டி-பேட் என்ற திசைப் பட்டனாக, வலது அனலாக் குச்சியாக என்று மாற்றும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அது டி-பேடில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஜாய்ஸ்டிக்கைக் கழற்ற முதலில் தலையில் உள்ள உருண்டையை எடுக்க வேண்டும். தண்டின் அடிமுனையில் தட்டை ஸ்குரூடிரைவர் நுழையும் ஒரு பள்ளம் இருக்கும். அதில் டிரைவரை வைத்துத் தண்டு சுழலாமல் பிடித்துக்கொண்டு, மேலே உருண்டையை இடப்பக்கமாகச் சுற்றினால் கழன்றுவரும். சான்வா, செய்மிட்சு இரண்டிலும் மரை 6 மில்லிமீட்டர் அளவு என்பதால் உருண்டைகளை மாற்றி மாற்றிப் போடலாம். கழற்றும்போது தூசி மறைக்கும் வட்டத் தகட்டைத் தவறவிடாதீர்கள்.

ஸ்பிரிங் மாற்றுவதாக இருந்தால் பொறுமை தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. கேட்டையும் மைக்ரோசுவிட்ச் போர்டையும் எடுத்த பிறகு, தண்டின் அடியில் ஆங்கில E எழுத்தின் வடிவத்தில் ஒரு சின்ன எஃகு வளையம் தெரியும். அதுதான் ஆக்சுவேட்டரையும் ஸ்பிரிங்கையும் பிடித்து வைத்திருப்பது. கட்டைவிரலால் ஆக்சுவேட்டரை உள்ளே அழுத்தினால் வளையத்தின்மேல் இருக்கும் இழுப்பு தளரும். அப்போது சின்ன தட்டை டிரைவரை அதன் திறந்த வாயில் கொடுத்து நெம்ப வேண்டும். நெம்பும் நொடியில் வளையம் பறக்கும். நகத்தின் அளவுகூட இல்லாத அது எங்கே போய் விழுந்தது என்று தேடிக் களைத்தவர்கள் ஏராளம். ஒரு தெளிவான பிளாஸ்டிக் கவருக்குள் கையையும் ஸ்டிக்கையும் வைத்து இந்த வேலையைச் செய்யுங்கள், வளையம் கவருக்குள்ளேயே விழும். திரும்பப் போடும்போது பிளாஸ்டிக் உரசும் இடத்தில் மட்டும் பிளாஸ்டிக்குக்கு ஆகும் கிரீஸைத் துளி தடவுங்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை அங்கே அடிக்க வேண்டாம், அது கிரீஸைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

பட்டனைக் கழற்ற, முதலில் கிளிப்பைப் பிடித்து நேராக இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் ஒயர் கையோடு வந்துவிடும். அப்புறம் உள்ளிருந்து இரண்டு நாக்குகளையும் அமுக்கி மேல்பக்கமாகத் தள்ளினால் வந்துவிடும். பட்டனில் இரண்டு தகடுகள் உண்டு, சிக்னலும் கிரவுண்டும். எந்த ஒயர் எந்தத் தகட்டில் என்பது முக்கியமில்லை, சுவிட்சுக்கு இரண்டு பக்கமும் ஒன்றே. எந்த சிக்னல் ஒயர் எந்தப் பட்டனுக்கு என்பதுதான் முக்கியம். எனவே ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகவே மாட்டுங்கள். மொத்தத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு அப்புறம் நிறம் பார்த்துக் கண்டுபிடிக்க நினைப்பது தேவையில்லாத தலைவலி.

மூடும் முன் கணினியில் மாட்டி, விண்டோஸின் கன்ட்ரோலர் சோதனைத் திரையில் எட்டுப் பட்டனையும் நான்கு திசையையும் நான்கு மூலைகளையும் பார்த்துவிடுங்கள்.

நிறுவனம் போனது, பெட்டி இருந்தது

மேட் கேட்ஸ் 2017 மார்ச்சில் திவால் ஆனது. மறு ஆண்டே அந்தப் பெயர் வேறு கைகளில் திரும்பி வந்தது, அது வேறு விஷயம். ஒரு சாதாரண கேம்பேடைச் செய்த நிறுவனம் மூடினால் அதற்கான உதிரிப் பாகமும் அதோடு போயிருக்கும். எஸ்இ வைத்திருந்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. அவர்களின் உதிரிப் பாகம் மேட் கேட்ஸிடமிருந்து வந்ததே இல்லை. பட்டன் தேய்ந்தால் சான்வா, செய்மிட்சு. பின்னாளில் ஹோரி தன் ஹயபுசா ஜாய்ஸ்டிக்கை ஜேஎல்எஃப்-இன் இடத்தில் உட்காரும்படி செய்தபோது அதையும் போட்டுப் பார்த்தார்கள்.

உண்மையில் முதுமை அடைந்தது சர்க்யூட் போர்டுதான். எஸ்இ-யின் போர்டு பிளேஸ்டேஷன் 3-க்கோ எக்ஸ்பாக்ஸ் 360-க்கோ செய்தது. 2013-இல் வந்த புதிய கன்சோல்கள் அதைத் தாமாக அடையாளம் காணவில்லை. 2016-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பிளேஸ்டேஷன் 4-இல் பழைய பிளேஸ்டேஷன் 3 ஸ்டிக்குகளை ஏற்றுக்கொண்டது பலருக்குப் பெரிய நிம்மதி. எக்ஸ்பாக்ஸ் 360 வகையை விண்டோஸ் கணினி இன்றும் சிக்கலின்றி ஏற்கிறது. கணினியில் மட்டும் ஆடுபவர் அதை வைத்திருந்தால் போர்டை மாற்ற எந்த அவசியமும் இல்லை.

மற்றவர்களுக்குப் போர்டும் ஒரு மாற்றுப் பாகம்தான். தைவானின் ப்ரூக் நிறுவனத்தின் யுனிவர்சல் ஃபைட்டிங் போர்டு பல கன்சோல்களுக்கு வேலை செய்யும், விலை கொஞ்சம் கூடுதல். சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர்கள் ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற மலிவுப் போர்டில் ஜிபி2040-சிஇ என்ற திறந்த மென்பொருளை ஏற்றிப் போடுகிறார்கள். அதே 5 ஊசி ஜாய்ஸ்டிக் கனெக்டர், அதே 2.8 மில்லிமீட்டர் கிளிப்புகள். பழைய எஸ்இ ஒன்று குறைந்த விலைக்கு விற்பனைக்கு வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவே மாட்டேன். மேல்தகடு வளைந்திருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா, ஓட்டைகளை யாராவது அராவியிருக்கிறார்களா என்று மட்டும் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன்.